படுத்தால் கேட்கும் காது

என் வீட்டுக்காரர் காதால் வண்டி பார்க்கிறவர். கண்ணால் பார்க்கிற மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிறவர்களும் இப்போது வந்துவிட்டார்கள். இவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. கம்ப்ரஸரை நிறுத்திவிட வேண்டும். பக்கத்துக் கடை வெல்டர்கூட வேலையைப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். முன்னறையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் நான், போனில் யார் இருந்தாலும் 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிட வேண்டும். சற்று நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, இன்னதுதான் கோளாறு என்பார். அவர் வாயைத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் ஸ்பேனரைத் தொடலாம். அது எங்கள் பட்டறையில் எழுதாத சட்டம்.

வாடிக்கையாளர்கள் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதுக்குக் கேட்காது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, காலமெல்லாம் கியர்பாக்ஸைத் தூக்கித் தூக்கியே குடலிறக்கம் வந்து, ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. முழுசாகத் தூங்க வைக்காமல் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டு வந்ததும் இவர் முதலில் சொன்னது இதுதான்:

"உள்ள எவனோ ஒருத்தனோட காலைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. யார் காலுய்யா அதுன்னு கேட்டேன். உன்னுதுதான்யான்னு சிரிக்கிறாங்க."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பாரம் தூக்கக் கூடாது, நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறைக்காமல் என்பதை என் வீட்டுக்காரரிடம் சொன்னது, மீனிடம் நீந்தாதே என்று சொன்ன மாதிரி.

தையல் காய்வதற்குள் பட்டறைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கையை வைக்கவே மாட்டேன். நட்டு போல்ட்டுகூடத் தொட மாட்டேன். காதை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். காதைக் கொடுப்பதற்குத் தையல் பிரியாதே என்று நானும் ஏமாந்தேன். என் கொழுந்தனும் சந்தோஷப்பட்டார். அண்ணன் படுத்திருந்த நாட்களில், கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் வண்டிகள் எல்லாம் வாசலில் வரிசையாக நின்றுவிட்டன. கொழுந்தனுக்கு நாற்பது வயதாகிறது. கை அப்படியொரு கை, எஞ்சினை இறக்கி ஏற்றுவதில் அண்ணனையே மிஞ்சிவிடுவார். ஆனால் அண்ணன் காது சொல்லாமல் அந்தக் கை நகராது.

முதல் நாளே டாக்ஸிக்காரர் வந்தார். எங்களிடம் ரொம்ப நாளாக வருகிறவர், வாயாடி. "கிளம்பும்போது ஏதோ தட்டுதுண்ணே. அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி இருக்கு. எனக்கா வண்டிக்கான்னே தெரியலை" என்றார். கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். வெல்டர் எழுந்து போனார். இவர் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, காதை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"மேல இருக்கற வால்வு டேப்பெட்தான். கிளாக் கிளாக்குன்னு கேக்குது பாரு. இடைவெளியைச் சரி பண்ணு, போதும். கீழ எல்லாம் சுத்தமா இருக்கு."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்ததை நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன். பிறகு தலையை ஆட்டிவிட்டு டூல் பெட்டியை எடுக்கப் போய்விட்டார். டேப்பெட்டைச் சரி செய்தார்கள். அந்த கிளாக் சத்தம் நின்றது. டாக்ஸிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் அதே டாக்ஸி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. நட்டநடுச் சாலையில், பின்னால் லாரி வரும்போது, எஞ்சின் இறுகி நின்றுவிட்டிருக்கிறது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் டாக்ஸிக்காரர் தப்பித்தார். வாயாடி மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பானெட்டைக் காட்டிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். எஞ்சினின் அடியில் கிராங்க் சுழல்கிற இடத்தில் இருக்கும் மெயின் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்து கிடந்தது. அது தேய்ந்தால் மேலே கிளாக்கென்று கேட்காது. ஆழத்தில் இருந்து தொம் தொம் என்று வரும். எனக்கே தெரியும், அத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பேரிங்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே தம்பியிடம் கேட்டார்.

"அன்னிக்கு உனக்கு இது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க கீழ சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றது? என் காதுதான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் தம்பியைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினார். டாக்ஸிக்காரரிடம் போய், "தப்பு என்னுது. எஞ்சின் எங்க பொறுப்பு" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், வண்டிக்கு அடியில் போய் வேலை செய்வதற்கு வைத்திருக்கும் சக்கரப் பலகையை இழுத்து, அதில் மல்லாந்து, உயரத்தில் நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் போய்விட்டார். வேலை செய்ய இல்லை. மனிதர் ஒளிந்துகொள்ளப் போனார். அவர் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. இந்த மனிதருக்குக் காது போனால் வேறு என்ன இருக்கிறது? எழுதப் படிக்க ஏதோ தெரியும். கணக்கெல்லாம் நான்தான். எடை தூக்கக் கூடாது என்றாகிவிட்டது. அவருக்கு அவர் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான்.

அப்போது வாசலில் சாமான் ஏற்றுகிற வேன் ஒன்று வந்து, எஞ்சினை அணைக்காமல் நின்றது. கொழுந்தன் போய் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போயிருக்கும். காருக்கு அடியில் இருந்து குரல் வந்தது.

"டேய், அந்த வேனுக்கும் அதே கேஸ்தான். பேரிங் தட்டுது பாரு. தொம் தொம்முன்னு."

நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றோம். வேனின் எஞ்சின் உண்மையிலேயே தொம் தொம் என்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. பலகை உருண்டு வெளியே வந்தது. அவர் எழுந்து, முகமெல்லாம் உயிர் வந்தவராக, வேனைப் பார்த்து நடந்தார். பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று குனிந்தார், நிமிர்ந்தார், இந்தக் காதைக் கொடுத்தார், அந்தக் காதைக் கொடுத்தார்.

"இப்பப் போயிடுச்சே" என்றார். "ஆயில் மேல ஏறினதும் சத்தம் அடங்கிடுச்சு போல."

"என்னங்க, அடங்கலை" என்றேன் நான் கவுண்டரில் இருந்தபடியே. "இப்பவும் தட்டிக்கிட்டேதான் இருக்கு. எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மெதுவாகத் தலையை ஆட்டினார். இந்த முறை வாயைத் திறந்தும் சொன்னார், "தட்டுதுண்ணே."

அன்று மத்தியானமே கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. ஓடினால் உம்மென்று ஒரே சீராக உறுமும். அதைப் போட்டுவிட்டு, அவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

"கேக்குதா?"

"இல்லை."

"அப்படியே படுத்திருங்க. எழுந்திருக்கக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் உயர்ந்தது. "வருது. தூரத்துல இருந்து வர்ற மாதிரி. இப்ப நல்லாவே கேக்குது."

"இப்ப எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றார். கேக்குது, கேக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நான் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள், "போச்சு" என்றார். சொல்லிவிட்டு நெற்றிப்பொட்டைக் கையால் அழுத்திக்கொண்டார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"தலை வலிக்குதா?"

"லேசா."

"எத்தனை நாளா இந்த லேசா?"

கேட்டுக்கொண்டே அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். தலைவலி மாத்திரை அட்டை, பாதிக்கு மேல் காலி. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டாக்டர் அவ்வளவு தூரம் சொன்னாங்களே, மறைக்காம சொல்லுங்கன்னு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"தலைவலின்னு சொன்னா நீ பட்டறைக்கு விட மாட்டே."

"இப்ப மட்டும் என்ன, பட்டறையைத் தலையில தூக்கி வெச்சுக் குடுக்கப் போறேனா?"

"படுத்தா போயிடுது. நின்னாதான் வருது. வெயில்னு நினைச்சேன்."

படுத்தால் வலி போகிறது, காது வருகிறது. நின்றால் வலி வருகிறது, காது போகிறது. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் தாடையைத் தடவினார்.

"பட்டறையில வேலை பாக்கறவங்களுக்குக் காது மங்கறது சகஜம்தான். ஆனா அவங்களுக்கு முதல்ல போறது கீச்சுன்னு வர்ற சன்னமான சத்தம். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. சன்னம் நல்லா இருக்கு, கனமான சத்தம்தான் போயிருக்கு. ரெண்டு காதுலயும்."

"டாக்டர், நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றேன். "படுத்தா இவருக்குக் காது கேக்குது."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "சமீபத்துல ஏதாவது ஆபரேஷன் நடந்துதா? முதுகுல ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன், மாத்திரை அட்டை உட்பட. உடனே கட்டிலை வரவழைத்து, அரை மணி நேரம் படுக்க வைத்து, படுத்தபடியே மறுபடியும் சோதித்தார். இரண்டாவது கோடு கிட்டத்தட்ட நேராக வந்திருந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எங்களுக்குக் காட்டிய போது, அந்தக் காது டாக்டருக்கே கண் பளபளத்தது. "படிச்சிருக்கேன். ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

மயக்க மருந்து டாக்டர் எங்களை வாசலிலேயே எதிர்பார்த்து நின்றார். பூசி மெழுகவில்லை. முதல் வார்த்தையே, "அந்த ஊசியைப் போட்டது நான்தான். உக்காருங்க. இல்லை, வேண்டாம், படுத்துக்கோங்க" என்றார். இவர் படுத்துக்கொண்டார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு தண்ணி இருக்கு. அதை மூடி ஒரு உறை. நாங்க குத்தற ஊசி அந்த உறையைத் தாண்டித்தான் போகணும். அந்தத் துளை தானா மூடிக்கும். உங்களுக்கு மூடலை. நீங்க நிமிர்ந்து நின்னா அது வழியா தண்ணி கசியுது, மேல அழுத்தம் குறையுது, தலை வலிக்குது. காதுக்குள்ளயும் தண்ணி உண்டு, அதுக்கும் இதுக்கும் ஒரு சின்ன வழி இருக்கு. இங்க இறங்கினா அங்கயும் இறங்கும். தலைவலி பலருக்கு வரும். காது இந்த அளவுக்குப் போறது ரொம்ப அபூர்வம்."

"ரேடியேட்டர் கசியுது, எஞ்சின் சூடாகுதுங்கறீங்க" என்றார் இவர்.

"கிட்டத்தட்ட."

"எப்படி அடைப்பீங்க?"

"உங்க கையில இருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, முதுகுல அதே இடத்துல, உறைக்கு வெளியில போடுவோம். ரத்தம் உறைஞ்சு துளையை அடைச்சுக்கும்."

அதுவரை தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மறுபடியும் முதுகுலயா? ஒரு ஊசி குத்தித்தான் இந்தப் பாடு. இன்னொண்ணு குத்தி இருக்கறதும் போச்சுன்னா?"

டாக்டர் அவசரப்படவில்லை. யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதீர்கள், தலைவலி மாறினாலோ வாந்தி வந்தாலோ அந்த நிமிஷமே வந்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர் புதுத் திட்டம் ஒன்று போட்டார். ஊசி வேண்டாமாம். படுத்தால்தான் நன்றாகக் கேட்கிறதே. இனிமேல் படுத்துக்கொண்டே கேட்டுச் சொல்லிவிடுவாராம். சக்கரப் பலகை இருக்கிறது, எஞ்சினுக்கு அடியில் போனால் பேரிங் சத்தம் இன்னும் தெளிவாகவே கேட்குமாம்.

"நல்லது" என்றேன். "வண்டிக்காரங்க வந்தா பலகையில மல்லாந்து உருண்டுக்கிட்டே போய், சொல்லுங்க சார் என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. நான் பின்னாடியே தலைகாணி எடுத்துக்கிட்டு வரேன். தெருவுல ஹாரன் அடிச்சா கேக்கறதுக்கும் நடுரோட்டுல படுத்துக்கோங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, "பயமா இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் இருந்து நான் கேட்டதில்லை. டாக்ஸிக்குப் பின்னால் வந்த லாரியைத்தான் கண்ணை மூடினால் பார்க்கிறாராம். அன்றைக்கு அந்தப் பேரிங் அவருக்குக் கேட்டிருந்தால் இதெல்லாம் இல்லை என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேலி பேசுவதற்கு எனக்கு அதற்குமேல் தெம்பில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போட்டா காது திரும்பி வந்துடுமா?"

"வரும்னு நம்பறேன்" என்றார் டாக்டர். "நிறைய பேருக்கு உடனேயே வந்திருக்கு. சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்னிருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். "சத்தியம் பண்ணியிருந்தா எழுந்து போயிருப்பேன். பிரிச்சுப் பாக்காம எவன் சத்தியம் பண்றானோ அவன்கிட்ட வண்டியை விடக் கூடாது" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கொழுந்தன் போன் மேல் போன். "என்ன அண்ணி ஆச்சு?" "இன்னும் ஆகலை, வை." கதவு திறந்து கூப்பிட்டார்கள். மல்லாந்து படுத்திருந்தார், முதுகில் கனமாக இருக்கிறது என்றார். ரத்தம் உறைய இரண்டு மணி நேரம் இப்படியே அசையாமல் கிடக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் அவர் கண்ணைத் திறந்து மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்திருக்கும்போது காது கேட்பது பெரிய விஷயமில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

பிறகு நர்ஸ் வந்து மெதுவாக உட்கார வைத்தார். காலைத் தொங்கவிடச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து நிற்கச் சொன்னார். தலை சுற்றவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, தேடிப் பார்க்கிறவர் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இல்லை" என்றார். இருந்தாலும் இதற்கு முன்பும் நின்ற கொஞ்ச நேரம் கழித்துத்தானே காது போயிற்று? அதனால் நின்றபடியே காத்திருந்தோம். நர்ஸ் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது. அவர் நடந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார். கண்ணை மூடினார். நான் மூச்சு விடவில்லை, பழக்கம்.

"டேப்பெட் கேக்குது. பெல்ட் கொஞ்சம் லூஸ்" என்றார். "கீழ எல்லாம் சுத்தமா இருக்கு, தட்டற சத்தமே இல்லை."

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் வெளுத்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். டாக்ஸிக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். கீழே சத்தம் இல்லாததால் கேட்கவில்லையா, கேட்காததால் சத்தம் இல்லையா? எனக்கும் தட்டுகிற சத்தம் கேட்கவில்லைதான். ஆனால் இரண்டாம் மாடியில் நின்று, நெஞ்சு அடித்துக்கொள்கிற அந்த நேரத்தில், என் காதை நானே நம்பத் தயாராக இல்லை.

"பேசு" என்றார் அவர் திரும்பாமலே.

"என்ன பேச?"

"என்னத்தையாவது பேசேன். திட்டு. அதுதான் உனக்குத் தங்குதடை இல்லாம வரும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "திட்டத்தான் போறேன்" என்றேன். "மாத்திரையைத் திருட்டுத்தனமா முழுங்கிக்கிட்டு, வலியை மறைச்சுக்கிட்டு, என்னை இப்படி நடுங்க விட்டீங்களே, உங்களுக்கு நான் யாரு? பொண்டாட்டியா, பக்கத்து வீட்டுக்காரியா? ரெண்டு வாரமா நான் எது கேட்டாலும் உம்முன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனீங்களே, ஏன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

எனக்குக் கனத்த கட்டைக்குரல். போனில் பேசினால், முகம் பார்க்காதவர்கள் 'சொல்லுங்க சார்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பெருமைப்பட்டதே கிடையாது.

அவர் திரும்பினார். கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தது.

"வந்துருச்சு" என்றார். "உன் குரல் வந்துருச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுல இருந்து நீ பேசினா தகர டப்பாவுக்குள்ள இருந்து யாரோ ஒருத்தி பேசற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குள்ள யாரோ நடமாடறா, நீ இல்லை. எஞ்சின் சத்தம் போனது எனக்கு டாக்ஸியை இழுத்துட்டு வந்தப்பதான் தெரிஞ்சுது. இது முதல் நாளே தெரிஞ்சுது. எப்படிச் சொல்றது? உன் குரல் மாறிப் போச்சுன்னு சொன்னா நீ என்ன நினைப்பே?"

என் வாய் அடைத்துவிட்டது. அப்படி அடைத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"நிறுத்தாதே" என்றார். "இன்னும் பேசு."

பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை, அழுதுகொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே சிரித்தேன். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்து, பேஷண்டிடம் இப்படியா சண்டை போடுவது என்று என்னைக் கடிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலில் சாய்ந்து, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றபடி, "விடும்மா, அவ பேசட்டும்" என்றார்.